தளை தட்டிய மிதிவண்டி

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நாங்கள் ஒரு மிதிவண்டி கட்டினோம். வாங்கவில்லை, கட்டினோம். அந்தச் சொல்லைச் சற்றுப் பெருமையோடுதான் அப்போது சொல்லித் திரிந்தோம். அந்தப் பெருமை பதினொரு நாள் நிலைத்தது. பன்னிரண்டாம் நாள் அது ஒரு பட்டுப்புடவையின் கரையில் கறுப்புக் கறையாய்ப் படிந்தது. நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுவதே முறை.

நாங்கள் என்பது இருவர். ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த அறைகளில் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்துகிறவர்கள். ஒருவர் தமிழ், மற்றவர் இயற்பியல். எழுதுகிற கை தமிழுக்குரியது. இதில் வரும் அளவுகளும் கணக்குகளும் இயற்பியலுக்குரியவை. பிழைகள் இருவர்க்கும் பொது.

இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவன். ஆரணியிலிருந்து தேவிகாபுரம் செல்லும் சாலையில், 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெசவுச் சிற்றூர் அவனுடையது. வீட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் தந்தை, மற்றொன்றில் அவன். விடியற்காலை நான்கு மணிக்குத் தறியில் இறங்கி ஏழரை மணிவரை நெய்துவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்புவான். முதற்பேருந்து அதற்கு முன்பே போய்விடும். அடுத்த பேருந்து வந்து அவனை இறக்கிவிடும்போது இரண்டாம் பாடவேளை பாதி முடிந்திருக்கும். கட்டணமில்லாப் பயணச்சீட்டு கையில் இருக்கிறது. பேருந்தின் நேரமும் தறியின் நேரமும்தான் ஒத்துவரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டி இருந்ததே என்று கேட்டோம். தங்கை வேற்றூர்ப் பள்ளிக்குப் போகிறாள், வண்டி அவளிடம் என்றான். வருகைப் பதிவேட்டில் அவனுடைய விழுக்காடு 75-க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் தேர்வெழுத அனுமதி பெறுவது அரும்பாடு.

எங்களுள் ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், தென்னை மட்டைகளுக்கு அடியில், பழைய 22 அங்குலச் சட்டம் ஒன்று கிடந்தது. முன்சக்கரமும் பின்சக்கரமும் இருந்தன. மற்றவை துருவாகியிருந்தன. ஆளுக்கு ரூ.1,500 போடுவது, மொத்தம் ரூ.3,000-க்குள் முடிப்பது என்று தீர்மானித்தோம். கியர் இல்லாத வண்டி; ஒற்றை வேகம். அதில் என்ன சிக்கல் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தோம்.

இங்குதான் ஆசை குறுக்கிட்டது. பெருநகர இளைஞர்கள் பழைய சட்டங்களை மெருகேற்றி ஒற்றை வேக வண்டிகளாக மாற்றும் காணொளிகளை அந்த நாட்களில் இரவெல்லாம் பார்த்தோம். மெல்லிய செயின், வெள்ளிபோல் ஒளிரும் அலுமினியச் செயின் வீல், உறைகளற்ற எலும்புருவம். கடைத்தெருவில் தொங்கும் கனத்த இரும்புப் பாகங்கள் அவற்றின் முன் எங்களுக்கு அழகற்றனவாய்த் தோன்றின. ஆதலால் ஆரணிக் கடைத்தெருவுக்குப் போகாமல் இணையத்தில் வரவழைத்தோம். 46 பற்கள் கொண்ட அலுமினியச் செயின் வீல், அதற்குரிய கிராங்க், சதுர முனை கொண்ட பி.பி. ஆக்சில், 16 பல் ப்ரீவீல், கியர் வண்டிகளுக்கான மெல்லிய செயின். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தோம். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல பொருள்தான்.

பாகங்கள் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமையில் செயினைப் பூட்டினோம். முன்னே செயின் வீலில் அழகாய் அமர்ந்தது. பின்னே ப்ரீவீலின் பற்களின்மேல் ஏறி நின்றது, உள்ளே இறங்கவில்லை. எண்ணெய் விட்டோம். அழுத்தினோம். எங்களுள் தமிழ் படித்தவர் சுத்தியலைத் தேடிச் சென்றார். இயற்பியல் படித்தவர் தடுத்தார்.

அன்றுதான் செயினுக்கு இரண்டு அளவுகள் உண்டு என்பதைக் கற்றோம். ஓர் ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடுவரை உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. மிதிவண்டிச் செயின்களில் இது ஏறக்குறைய உலகெங்கும் ஒன்றே. எனவே எந்தச் செயினும் எந்தப் பல்லுக்கும் பொருந்தும் என்ற மயக்கம் உண்டாகிறது. ஆனால் உள்தகடுகள் இரண்டுக்கும் இடையிலுள்ள அகலம் வேறுபடும். கியர் இல்லாத பழைய வகை வண்டிகளுக்கு அது 1/8 அங்குலம், ஏறத்தாழ 3.2 மி.மீ. கியர் வண்டிகளில் பற்சக்கரங்கள் நெருக்கமாக அடுக்கப்படுவதால் செயினும் மெலிய வேண்டியிருக்கிறது. அங்கே 3/32 அங்குலம், ஏறத்தாழ 2.4 மி.மீ.; பின்னால் ஒன்பதுக்கு மேல் பற்சக்கரங்கள் அடுக்கியவற்றில் அதனினும் குறுகல். அகன்ற செயின் மெல்லிய பல்லின்மேல் ஓடும். மெல்லிய செயின் தடித்த பல்லுக்குள் இறங்காது. எங்கள் செயின் வீல் மெல்லிய பல் கொண்டது, ப்ரீவீல் தடித்த பல் கொண்டது, செயினோ மெல்லியது. இரு வேறு குடும்பங்களிலிருந்து உறுப்பினர்களை அழைத்து வந்து ஒரே பந்தியில் அமர்த்தியிருந்தோம்.

யாப்பிலக்கணம் நடத்தும்போது மாணவர்களிடம் நாங்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு. வெண்பாவில் சீர்கள் தனித்தனியே பிழையற்றிருந்தால் போதாது; ஒரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதலும் சேரும் இடம் சரியாக இருக்க வேண்டும். மாச்சீரை அடுத்து நிரையசை வர வேண்டும். விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசை வர வேண்டும். அந்தச் சேர்க்கைக்குத்தான் தளை என்று பெயர். தளை என்றால் கட்டு. விலங்கு என்றும் பொருள் உண்டு. நல்ல சொற்களாகவே தேர்ந்தெடுத்து வைத்தும் வெண்பா தளை தட்டுவது உண்டு. இதைப் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, கண்ணெதிரே இருந்த சங்கிலியின் தளையைப் பார்க்கத் தவறினோம்.

அந்தப் பிழையைத் திருத்துவது எளிது. மெல்லிய செயினை ஒதுக்கிவிட்டு 1/8 அங்குலச் செயின் வாங்கிப் பூட்டினோம். சக்கரம் சுழன்றது. ஓர் ஒலி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கொறுக் கொறுக் என்று. புதிய பாகங்கள், பழகப் பழகச் சரியாகும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். மறுநாள் மாணவனிடம் வண்டியைக் கொடுத்தோம். அவன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். "செயின் கவர் இல்லீங்களா ஐயா?" என்று ஒருமுறை கேட்டான். இந்தக் காலத்து வண்டிகளுக்கு அது கிடையாது, பார்க்கவும் நன்றாக இராது என்று விடை சொன்னோம். அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

பதினொரு நாள் முதல் பாடவேளைக்கே வந்தான். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. அதற்கடுத்த நாட்களில் மீண்டும் பேருந்தில், மீண்டும் பாதி வகுப்பில் வந்தான். கேட்டால் வண்டி வீட்டில் இருக்கிறது என்றான். உடன் படிக்கும் மாணவி ஒருத்தி சொல்லித்தான் நடந்தது தெரிந்தது.

நெய்து முடித்த புடவையை ஆரணியிலுள்ள முதலாளி வீட்டில் சேர்த்துவிட்டுக் கல்லூரிக்கு வருவது அவன் வழக்கம். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்த புடவையைப் பெற்றுக்கொண்டு கூலி கொடுப்பார். அன்று ஏரிக்கரை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். பின்சக்கரத்தின் வலப்பக்க நட்டு நழுவி, சக்கரம் முன்னுக்கு இழுபட்டு, செயின் தளர்ந்து கழன்றுவிட்டது. கழன்ற வேகத்தில் வண்டி சாய்ந்தது. முழங்காலில் சிராய்ப்பு, பெரிய அடி இல்லை. கைப்பிடியில் தொங்கிய பையின் வாய் திறந்து, புடவையின் மடிப்பு ஒன்று செயினில் உரசிவிட்டது. பட்டில் ஏறிய எண்ணெய்க் கரியைத் துடைக்கத் துடைக்க அது பரவும், நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியும், துடைக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தான். கூலியில் ஒரு பெரும்பகுதி பிடித்தமானது. தந்தையும் அவனும் மாறி மாறி நெய்த பல நாள் உழைப்பு.

சனிக்கிழமை மாலை இருவரும் அவன் வீட்டுக்குச் சென்றோம். தெருவெங்கும் தறியோசை. திண்ணையில் அவனுடைய தாய் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஊடைப் பட்டைச் சிறு குழல்களில் சுற்றும் அந்த ராட்டினத்தின் சக்கரம் ஒரு பழைய மிதிவண்டியின் ரிம். டயர் ஓட வேண்டிய பள்ளத்தில் கயிறு ஓடிக்கொண்டிருந்தது; சிறிதும் கோட்டம் இல்லை. நாங்கள் கட்டிய வண்டி சுவரோரம் சாய்ந்து நின்றது. சொல்ல வந்த சொற்கள் எங்களுக்கு வாயில் நிற்கவில்லை. ஒருவாறு சமாளித்து, பிடித்தம் செய்யப்பட்ட கூலியை நாங்கள் தந்துவிடுகிறோம் என்றோம்.

அவன் மறுத்தான். "பணம் வேணாங்க ஐயா. வண்டிய சரி பண்ணிக் குடுங்க, போதும்" என்றான்.

உள்ளே தறியில் பாவு முடிந்திருந்தது. புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் இழை நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கும் வேலை பாதியில் இருந்தது. ஆயிரக்கணக்கான இழைகள். இழைகளின் எண்ணிக்கைக்கும் அச்சின் பற்களுக்கும் கணக்கு ஒத்திருந்தால்தான் தறி ஓடும். அதைக் காட்டிக்கொண்டே அந்த அம்மையார் எங்களிடம், "அச்சு ஒரு கணக்கு, பாவு ஒரு கணக்கா இருந்தா எப்படிங்க சார் நெய்யறது? வண்டியும் அப்படித்தான இருக்கும்" என்றார். குறை கூறும் தொனியே அதில் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அவனையும் அழைத்துக்கொண்டு, முதலில் நாங்கள் தவிர்த்த ஆரணிக் கடைத்தெருவுக்கே போனோம். சந்துக்குள் ஒரு பழைய சைக்கிள் கடை. கடைக்காரர் எழுபதைக் கடந்தவர். பற்சக்கரம் பொருந்தவில்லை என்று தொடங்கினோம். "பல்சக்கரம்னா எது சார், முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டார். கலைச்சொல்லாக்கத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டோம். செயின் வீல் முன்னால், ப்ரீவீல் பின்னால்; அவை அப்படியே இருக்கட்டும்.

அவர் வண்டியைத் தொடும் முன் அதன் பின்னால் போய்க் குந்தி அமர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு எங்களையும் அமரச் சொன்னார். ப்ரீவீலிலிருந்து செயின் நேராக முன்னே செல்லாமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து செல்வது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. பதினொரு நாள் ஒலித்த கொறுக் கொறுக் ஒலியின் காரணம் இதுதான். சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து செயின் வீலின் பல் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதே அளவு தள்ளி ப்ரீவீலின் பல்லும் இருக்க வேண்டும். அளந்து பார்த்தோம். முன்னால், இருக்கைக் குழாயின் பக்கத்திலிருந்து பல்லின் நடுவரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டினால் முன்னளவு கிடைக்கும். பின்னால், சக்கரம் அமரும் இரண்டு தாடைகளின் உட்புறங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதியை எடுத்து, தாடைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்தால் பின்னளவு கிடைக்கும். எங்கள் வண்டியில் முன்னே 49 மி.மீ., பின்னே 42 மி.மீ. ஏழு மில்லிமீட்டர் கோணல். நாங்கள் வாங்கிய சதுர முனை ஆக்சில் கியர் வண்டிக்குரிய நீளத்தில் இருந்ததே காரணம். கியர் வண்டியில் செயின் பக்கவாட்டில் நகர்ந்தே ஆக வேண்டும். அதற்கேற்ப நெகிழும் செயினும் அதைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பும் அங்கு உண்டு. ஒற்றை வேக வண்டியில் நேர்மை ஒன்றே காப்பு. சற்றே தளர்ந்தாலும் கோணலான செயின் பல்லை விட்டுக் கழன்றுவிடும்.

அடுத்து இழுவிசை. எங்கள் சட்டத்தின் பின்தாடை பின்னோக்கித் திறந்த நீண்ட பள்ளம். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை முறுக்கலாம். செங்குத்தாகக் கீழ்நோக்கித் திறந்த தாடை கொண்ட கியர் வண்டிச் சட்டமாக இருந்தால் அது முடியாது. தனியே ஒரு செயின் இழுப்பான் பூட்ட வேண்டும். ஒற்றை வேக வண்டி கட்ட முனைவோர் சட்டம் வாங்கும்போதே முதலில் பார்க்க வேண்டியது இது. அறியாமலேயே இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் தப்பித்திருந்தோம். செயினின் நடுவே விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். அதிகம் ஆடினால் கழலும். ஆடவே இல்லையென்றால் பால்ரஸ்கள் தேயும். செயினில் உள்தகடும் வெளித்தகடும் மாறி மாறி வருவதால், வெட்டினால் இரண்டு கண்ணிகளாகத்தான் வெட்ட முடியும். அதாவது ஓர் அங்குலம். அதற்குச் சக்கரம் அரை அங்குலம் முன்னே வரும். ப்ரீவீலில் ஒரு பல் கூடினால் சக்கரம் 1/8 அங்குலம், ஏறத்தாழ 3 மி.மீ., முன்னே வரும். ஆகவே பல் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டுச் செயினை வெட்ட வேண்டும். நாங்கள் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு யோசித்தவர்கள்.

பல் எண்ணிக்கையில்தான் எங்கள் அறியாமை முழுமையாக வெளிப்பட்டது. 46-ஐ 16-ஆல் வகுத்தால் 2.875. பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ மூன்று முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.24 மீட்டர். ஆகவே ஒரு மிதிக்கு 6.4 மீட்டர். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 23 கிலோமீட்டர் வேகம். 9 கிலோமீட்டரை 23 நிமிடத்தில் கடந்துவிடலாம் என்று கணக்கிட்டு மகிழ்ந்திருந்தோம். கடைக்காரர் பையனின் கால்களைப் பார்த்தார். "தறி ஓட்டிட்டு வர்ற காலு சார் இது" என்றார். குழித்தறியில் மூன்றரை மணி நேரம் மிதிபலகையை மிதித்துவிட்டு வருகிறவன், எதிர்க்காற்றிலும் ஏரிக்கரை ஏற்றத்திலும் அந்த எடையை மிதிக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கில் இல்லவே இல்லை. அவர் சொன்னது முன்னால் 44, பின்னால் 20. அது 2.2. ஒரு மிதிக்கு ஏறத்தாழ 4.9 மீட்டர். அதே 60 சுற்றில் மணிக்கு ஏறத்தாழ 17.7 கிலோமீட்டர்; பயண நேரம் அரை மணி. தாளில் ஏழு நிமிடம் இழப்பு. முதலில் நாங்கள் வைத்த அமைப்பிலோ, ஒவ்வொரு மிதிக்கும் கால் 30 விழுக்காடு கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது. நட்டு நழுவியதும் அந்த அழுத்தத்தில்தான்.

அவர் பரிந்துரைத்த பாகங்கள் அத்தனையும் நாங்கள் முதலில் அழகற்றவை என்று ஒதுக்கியவை. காட்டர் பின் கொண்ட இரும்புக் கிராங்க், அதற்குரிய குட்டை ஆக்சில், 44 பல் இரும்புச் செயின் வீல், 20 பல் ப்ரீவீல், 1/8 அங்குலச் செயின். இவற்றிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. காட்டர் பின்னில் 9 மி.மீ., 9.5 மி.மீ. என இரு விட்டங்கள் இருக்கின்றன. அரை மில்லிமீட்டர்தானே என்று சிறியதைப் போட்டால் மிதிக்குமிதி டக் டக் என்று இடிக்கும். இரண்டு கிராங்கிலும் பின்களை எதிரெதிர்த் திசையில் செலுத்த வேண்டும். இல்லையேல் இரண்டு பெடல்களும் ஒரே நேர்கோட்டில் அமையா. பின்னைச் சுத்தியலால் அடித்து இறுக்கிய பிறகுதான் நட்டு. நட்டை முறுக்கிப் பின்னை இழுக்கக் கூடாது. ப்ரீவீலின் மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று என்பது நம் வண்டிகளின் வழக்கமான அளவு. 16 பல்லும் அதற்கு மேலும் இந்த மரையில் கிடைக்கும். 14 பல், 13 பல் என்று இறங்கினால் 30 மி.மீ. மரை கொண்ட வேறு ஹப் வேண்டும். பெடல் மரை மூன்று துண்டுக் கிராங்குக்கு 9/16 அங்குலம். சிறுவர் வண்டிகளில் காணும் ஒரே துண்டாய் வளைந்த கிராங்குக்கு அரை அங்குலம். இடப்பெடலின் மரை எதிர்ச்சுற்று. இது தெரியாமல் மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் வாரம் ஒருவராவது உண்டு என்று கடைக்காரர் சிரித்தார். எங்களைக் குறித்துச் சிரிக்கவில்லை என்றே நம்புகிறோம்.

இந்தக் கனத்த பாகங்கள் ஒன்றோடொன்று எப்படி இவ்வளவு இயல்பாகச் சேர்கின்றன என்பது வீடு திரும்பிய பின்னும் எங்களை விடவில்லை. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருளைச் சங்கிலியை 1880-இல் உருவாக்கினார். ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி 1885-இல் வந்தது. முன்னே மிதிக்க, பின்சக்கரம் செயினால் ஓடும் இன்றைய உருவம் அதிலிருந்து நிலைபெற்றது. இங்கிலாந்தில் உருவான அந்தக் கறுப்பு வண்டியை இந்தியாவில் அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸும், சோனிபத்தில் 1951-இல் அட்லஸும், லூதியானாவில் 1956-இல் ஹீரோவும் செய்யத் தொடங்கின. நிறுவனங்கள் வேறாயினும் அளவுகளை அவர்கள் பெரிதும் மாற்றவில்லை. ஒரு நிறுவனத்தின் சட்டத்தில் மற்றொன்றின் ப்ரீவீல் ஏறும். மூன்றாவதன் செயின் ஓடும். அட்லஸின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 சூன் 3 அன்று, உலக மிதிவண்டி நாளிலேயே மூடப்பட்டது. ஆனாலும் வீட்டில் அட்லஸ் வைத்திருப்பவர் பாகம் கிடைக்காமல் தவிப்பதில்லை. எந்தச் சிற்றூர்க் கடையிலும் பொருத்தமான பாகம் ஆணியில் தொங்குகிறது. நாங்கள் பழமை என்று எண்ணியது பல தலைமுறை மெக்கானிக்குகள் பழுதுபார்த்துப் பழகிய ஒரு பொது அளவு.

கடைசியாகச் செயின் கவர். நாங்கள் கேட்கும் முன்பே கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார். செயினை முழுவதும் மூடுகிற கறுப்புத் தகரப் பெட்டி. "பட்டு ஊரு சார். இங்க தொறந்த செயின் ஆவாது" என்றார். வேட்டியும் புடவையும் பாவாடையும் உடுத்தவர்களுக்காகத்தான் அந்த உறை இந்த நாட்டு வண்டிகளில் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. மழைக்காலத்தில் சேறும் மணலும் செயினில் ஏறாமல் காப்பதும் அதுவே. இதைத்தான் அந்த மாணவன் முதல்நாளே ஒரு வரியில் கேட்டான். அவன் கேள்வியில் இருந்தது அவனுடைய வாழ்க்கை. எங்கள் விடையில் இருந்தது நாங்கள் பார்த்த காணொளி. கொடுப்பவர் விருப்பத்துக்குக் கொடுத்துவிட்டு, கொள்பவரின் தேவைக்குக் கொடுத்ததாக நம்பிக்கொண்டோம். அன்று நேர்ந்த பெரிய பொருத்தமின்மை செயினுக்கும் பல்லுக்கும் இடையில் நேர்ந்தது அன்று.

பழைய கப்புகளைச் சுத்தம் செய்து, புதிய பால்ரஸ் போட்டு, ரிம்மில் கோட்டம் எடுத்து, பிற்பகலுக்குள் வண்டி எழுந்து நின்றது. வேலையில் பாதியை மாணவனே செய்தான். நாடாவும் விழுதும் பழகிய விரல்கள். எங்களுடையவற்றைவிட நூறு மடங்கு நுட்பமானவை. பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுழற்றியபோது ஒலியே இல்லை. முதலில் வீணாக்கியதையும் சேர்த்தால் எங்கள் ரூ.3,000 என்ற எல்லை எப்போதோ தாண்டிப் போயிருந்தது. முதலிலேயே இந்தக் கடைக்கு வந்திருந்தால் அதில் பாதியில் முடிந்திருக்கும்.

இனி யாரேனும் எங்களைப் போல் இறங்குவதாக இருந்தால், அந்தப் பெரியவரிடம் கற்ற வரிசையைச் சொல்லிவிடுகிறோம். முதலில் சட்டத்தின் தாடையைப் பாருங்கள். பிறகு ஓட்டப்போகிறவரின் கால், சுமை, சாலை ஆகியவற்றைக் கேட்டுப் பல் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். பிறகு பல்லின் தடிமனையும் செயினின் அகலத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு ஹப்பின் மரை, ஆக்சிலின் நீளம், முன்பின் நேர்கோடு. செயினைக் கடைசியில் வெட்டுங்கள். ஒரு பாகத்தை வாங்கும் முன் அதைத் தொடப்போகும் இரண்டு பாகங்களை அளந்துகொள்ளுங்கள்.

அந்தப் பருவத்தில் அவன் வருகை விழுக்காடு தப்பியது, தேர்வும் எழுதினான். இந்தத் தை மாதத்தில் ஒருநாள் துறை அறைக்கு வந்து எங்கள் மேசையிலிருந்த இரும்பு அளவுகோலைக் கேட்டான். எதற்கு என்றோம். செயின் நீண்டிருக்கிறதா என்று பார்க்க என்றான். கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம்; அது 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்ற வேண்டும்; 1/8 அங்குலம்வரை விட்டுவிட்டால் பற்களும் தேய்ந்திருக்கும், பிறகு புதிய செயின் பழைய பல்லில் துள்ளும். நிறுத்துமிடத்தில் குந்தி அமர்ந்து, உறையின் மூடியைக் கழற்றி, அளந்து பார்த்தான். சற்றே கூடியிருந்தது. செயின் வாங்கித் தருகிறோம் என்று நாங்கள் சொல்லத் தொடங்குமுன், "வாங்கிட்டேங்க ஐயா" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினான். உறையின்மேல் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தோம். 1/2 அங்குலம், 1/8 அங்குலம்.

அளவுகோலைத் துணியால் துடைத்துத் திருப்பித் தந்துவிட்டு வகுப்புக்குப் போனான். அந்தக் கூலிப் பிடித்தம் மட்டும் இன்றும் எங்கள் கணக்கில் நிற்கிறது. அவன் அதை வாங்கிக்கொள்ள மாட்டான். 46 பல் அலுமினியச் செயின் வீல் துறை அறையில் தாள்கள் பறக்காமல் இருக்க வைத்த பாரமாய்க் கிடக்கிறது. வெண்பா திருத்தக் கொண்டுவரும் மாணவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். தளை நடத்தும்போது எடுத்துக் காட்டுவோம்.